பச்சை முந்திரி உரித்த கைகள்

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, முந்திரித் தோப்பை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தோம். முந்திரிப்பழம் எனக்கு ஆகாது. கடித்தால் தொண்டையைக் கரகரவென்று பிடித்துக்கொள்ளும். ஆசையெல்லாம் பழத்துக்கு அடியில், வெளியே தொங்குகிற கொட்டையின் மேல்தான். பச்சைக் கொட்டையைப் பிளந்து எடுத்த பருப்பில் குழம்பு வைக்க வேண்டுமென்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு மடி கொட்டை பறித்து வந்து உரித்தார். ஓட்டிலிருந்து கசிகிற பால் தோலைப் பொசுக்கிவிடும். திருவாலங்காட்டில் நெல் வயலோடு வளர்ந்த அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். கையில் சாம்பல் பூசிக்கொள்ளச் சொல்ல மறந்துவிட்டேன்.

விரல்கள் கொப்புளித்தன. பிறகு தோல் கறுத்துத் திட்டுத் திட்டாக உரிந்து, அடியில் வெளுப்பாகத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் புதிதாகத் திறந்த ஓர் ஆலையிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. வேலை உறுதி, டாக்டர் பரிசோதனை மட்டும் பாக்கி.

போனவர் வாடிய முகத்தோடு திரும்பினார். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். முந்திரிக்கொட்டை என்று இவர் சொன்னதை நம்பவில்லையாம். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்.

“பெருவியாதியான்னு சந்தேகப்படறாரு” என்றார் மெதுவாக.

தொழுநோய் என்ற பேச்சு வெளியே போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருவேளை உண்மையாகவே இருந்தால் என்ற நினைப்பு வந்தபோது கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அந்த நோயில் திட்டு உள்ள இடம் மரத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். விடிகாலையில் அவர் தூங்கும்போது ஊக்கால் விரலில் லேசாகக் குத்துவேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். எனக்கு உயிர் வரும். மத்தியானத்துக்குள், குத்தாமல் விட்ட இடம் ஏதாவது நினைவுக்கு வந்துவிடும்.

ஆறாம் நாள் விழித்துக்கொண்டார்.

“இன்னா பண்ற?”

மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

“நானும் தெனம் கெணத்தாண்ட போய் குத்திப் பாத்துக்கினுதான் இருக்கேன்.”

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“எல்லா எடத்துலயுமா?”

அவர் இன்னொரு கையையும் என் பக்கம் நீட்டினார். இரண்டு பேருமாக ஒவ்வொரு விரலாகப் பார்த்து முடித்தோம். அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

இரண்டு வாரத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்துவிட்டது. ஆனாலும் அவர் மறுபடி போன நாளில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பு மூட்டவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம் வந்தார்.

“திங்கக்கெழமைலேர்ந்து வரச் சொல்ட்டாங்க.”

கையைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். போன தடவை இல்லாத உள்ளூர் கம்பவுண்டர் பார்த்த உடனே இது கொட்டைப்பால் பட்டு ஆறிய புண் என்றாராம்; டாக்டர் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சோற்றுக்கு உலை வைக்கப் போனார்.