விசிட்டர் அட்டை போட்டுத் தரை துடைத்தவர்கள்

என் அக்காவை நீங்கள் ஏமாற்றினீர்கள், தலைவரே. கண்ணில் மருந்து தெறித்ததை விபத்து என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் விபத்து இல்லை.

படிக்கிறவர்களுக்கு ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் என்று நான் சொல்வது, சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இப்புறம், செனாயில் எங்கள் பக்கத்துக் கோவிலின் தலைவரை. தொழிற்சாலைகளுக்குத் துப்புரவு ஆட்களை அனுப்பும் குத்தகைக்காரரும் அவரேதான். அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் பிளாட்டில் கீழ்மாடிக்காரர். சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து, கட்டிக்கொடுத்து செனாய்க்கு வந்து, இங்கேயே புருஷனைப் பறிகொடுத்தவர். நான் இருவருக்கும் தெரிந்தவள். அக்காவோடு ஒரே வேனில் ஏறி, ஒரே தொழிற்சாலையில் தரை துடைத்தவள்.

அந்த வேன் தலைவருடையது. விடியும் முன்பே பிளாட்டுக்குக் கீழே வந்து நிற்கும். தலைவர் சில நாள் தானே ஓட்டிக்கொண்டு வருவார். "வாங்கக்கா, ஏறுங்க தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து வேலையாள் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. தீபாவளிக்கு முறுக்கு டின்னும் சேலையும் வீடு தேடி வரும். வேலைக்குச் சேரும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வெட்டணுமா, முழுசா வேணுமாக்கா?"

சேமநிதிக்கும் விபத்துக் காப்புறுதிக்கும் சம்பளத்தில் பிடிப்பதைத்தான் வெட்டு என்று சொல்வார். வீட்டு வாடகை நிற்கிறது, பிள்ளைக்குப் பள்ளி பஸ் நிற்கிறது. யார்தான் வெட்டச் சொல்வார்கள்? எல்லோரும் முழுசா என்றோம். தலைவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எங்கள் பங்கோடு சேர்த்து அவர் போட வேண்டிய பங்கும் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. அதை அவர் சொல்லவில்லை.

தொழிற்சாலை வாசலில் காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, கழுத்தில் மாட்ட ஓர் அட்டை வாங்குவோம். அதில் பெரிய எழுத்தில் 'பெலாவாட்' என்று மலாயில் இருக்கும். விசிட்டர், வருகையாளர். தொழிற்சாலையின் சொந்த ஆட்களுக்குப் படம் போட்ட அட்டை. எங்களுக்கு வருஷம் மாறினாலும் விசிட்டர் அட்டைதான். கழிப்பறை கழுவும்போதும், கேண்டீன் மேசைக்கு அடியில் ஊர்ந்து பழைய சூயிங்கத்தைச் சுரண்டும்போதும் நாங்கள் அந்த இடத்துக்கு வந்துபோகிற விருந்தாளிகள்.

அக்காவுக்கு இது ஒரு வேடிக்கை. "அலமாக்! இத்தன நாளா வந்து போற விருந்தாளிக்கு ஒருத்தனாவது ஒரு டீ குடுத்தானா பாரு" என்று காவலாளி காதில் விழும்படி சொல்வார். இன்னொரு நாள் சிரிக்காமல் சொன்னார். "தோட்டத்துல விடியக்காலம் பெரட்டுல வரிசையா நிப்போம். கணக்கு எழுதுற கிராணி பேரக் கூப்புடுவாரு. பேரு இல்லன்னா அன்னிக்கு வேல இல்ல. ஆனா பேருன்னு ஒன்னு இருந்துச்சு புள்ள. இங்க எம்பேரு எங்கயும் இல்ல."

இதற்கு முன்னால் நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவள். அங்கே ஒரு நாள் இரும்புத் தட்டின் விளிம்பில் விரலை வெட்டிக்கொண்டேன். பெரிய காயம் இல்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். சீன சூப்பர்வைசர் அம்மாள் பார்த்துவிட்டுக் கத்தினார். "யூ பெயின், நோ பெயின், ஐ டோன்ட் கேர் லா ஆன்ட்டி! ரிப்போர்ட் மஸ்ட் டூ!" எனக்கு வலித்தால் என்ன, வலிக்காவிட்டால் என்ன, அறிக்கை எழுதியே ஆக வேண்டும் அவருக்கு. எழுதாவிட்டால் அவர் தலை உருளும். என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் என்னைத் திட்டினார். என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. என் பெயரைக் கூட ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் நான் அந்தத் தொழிற்சாலையின் ஆள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அங்கே யாரும் என்னிடம் காப்புறுதி வேணுமா வேண்டாமா என்று கேட்கவில்லை. அது நான் சொல்லி முடிவாகிற விஷயமே இல்லை.

அந்த நாட்டைக் கோவில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. வேலை போனால் அன்றைக்கே அனுமதி அட்டை போகும். பாலத்து நெரிசலில் நின்று நின்று என் கால்கள் வீங்கிப் போய்தான் இந்தப் பக்கம் வேலை தேடினேன். நான் சொல்வது வேறு. அங்கே போனதும் இங்கே வந்ததும் ஒரே நான். அதே படிப்பு, அதே கை, அதே வாய். அங்கே தொழிலாளி, இங்கே விசிட்டர்.

அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொழிற்சாலைக்கு வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தரையைப் புதிதாக மினுக்கச் சொன்னார்கள். முதலில் பழைய மெழுகை ஒரு மருந்து ஊற்றி உரிக்க வேண்டும். கையில் பட்டாலே தோல் சுருங்கும். சொந்த ஆட்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. விசிட்டர்களுக்கு இல்லை. பீப்பாயைச் சாய்க்கும்போது கை வழுக்கி, மருந்து அக்காவின் வலது கண்ணில் அடித்தது. குழாயடியில் தலையைப் பிடித்துக் கழுவினேன். அக்கா கத்தவில்லை. "தரையில கொட்டிருச்சா பாரு, கொட்டிருச்சா பாரு" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை மேலாளர் வந்து பார்த்துவிட்டு, இவர் எங்கள் ஆள் இல்லை, துப்புரவு நிறுவனத்தின் ஆள் என்றார். துப்புரவு நிறுவனத்துக்குப் போன் போட்டோம். நாங்கள் உள்குத்தகைக்கு விட்டுவிட்டோம், அவரிடம் கேளுங்கள் என்றார்கள். அந்த அவர் நீங்கள், தலைவரே. நீங்கள் உடனே வந்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். அங்கே பதிவு மேசையில் எப்படி நடந்தது என்று கேட்டபோது, "வீட்ல பாத்ரூம் கழுவும்போது பட்டுருச்சு" என்று மலாயில் சொன்னீர்கள். நான் உங்கள் பின்னால்தான் நின்றேன்.

வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. மாவு பூசின கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி என்கிறார் அக்கா. படி இறங்கும்போது கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். வேலை இடத்து விபத்து என்று பதிவானால் மருத்துவமும் மாதாமாதம் உதவியும் உண்டு என்று கேள்விப்பட்டு அக்காவைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதலாளி பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் வழி இருக்கிறதாம். வேலை செய்ததை நிறுவினால் போதும்.

அங்கே இருந்த மலாய் அதிகாரி நல்ல பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு, "மாக்சிக், சியாப்பா மஜிக்கான்?" என்று கேட்டார். முதலாளி யார் என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

அக்கா என்னைப் பார்த்தார். முந்தானையால் கண்ணை ஒற்றினார். பிறகு மலாயில் சொன்னார். எனக்கு முதலாளி என்று யாரும் இல்லை, அவர் எனக்குத் தம்பி மாதிரி, நானாகத்தான் ஒத்தாசைக்குப் போனேன்.

எனக்கு அங்கேயே அவரை அறைய வேண்டும் போல இருந்தது. இவர் சொல்வது பொய், நான் சாட்சி என்று கத்தினேன். அதிகாரி அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா அசையவில்லை. பாதிக்கப்பட்டவரே மறுத்தால் நான் எதைப் பிடித்துக்கொண்டு போவேன் என்றார் அதிகாரி. இவர் வாக்கை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த மனிதர் வந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்றார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரரு செத்தப்போ பாட தூக்க ஆளு இல்ல புள்ள. எங்காளுங்க யாரும் வரல. தலைவருதான் மொத ஆளா தோள் குடுத்தாரு. அவர போயி கவர்மெண்டுல காட்டிக் குடுக்கவா?"

"பாட தூக்குனா கண்ண எடுத்துக்கலாமா?"

"போடீ. ஒனக்கு ஒன்னும் தெரியாது."

தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சாவு வீட்டில் தோள் கொடுத்தவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் சனங்களுக்குள் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு ஆள் எடுக்கிறவர் நீங்கள். வேனில் வருகிற பெண்களை எண்ணிப் பாருங்கள். யாருடைய வீட்டுச் சாவுக்கு நீங்கள் போகவில்லை? யாருடைய பிள்ளைக்கு நீங்கள் பள்ளியில் இடம் கேட்டுப் போகவில்லை? உங்களுக்கு இரக்கமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அந்த இரக்கத்தைக் காப்புறுதிக்குப் பதிலாகக் கொடுத்தீர்கள் என்கிறேன். அது உங்களுக்கு மலிவாக முடிந்தது.

மறுநாள் வேன் எனக்காக நிற்கவில்லை. நான் கை காட்டினேன். ஓட்டினவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான்.

போன மாதம் கோவில் மண்டபத்தில் ஓர் உரை ஏற்பாடு செய்தீர்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த படித்தவர் திரையில் உலக வரைபடம் காட்டினார். முறைசாரா வேலை, அதாவது பதிவில்லாத வேலை, எங்கே அதிகம், எங்கே குறைவு என்று நாடுகளுக்கு நிறம் அடித்திருந்தது. ஏழை நாடுகள் கறுஞ்சிவப்பு, பணக்கார நாடுகள் வெளிறிய நிறம். வளர்ச்சி வந்தால் தானாகக் குறையும் என்றார். நம் மக்களுக்கு விழிப்புணர்வு போதாது, அவர்களே பதிவு வேண்டாம் என்கிறார்கள் என்றார். நீங்கள் மேடையில் உட்கார்ந்து தலையாட்டினீர்கள்.

நான் எழுந்தேன். எங்களோடு தரை துடைத்த ஜாவாக்காரி சொன்னதைத்தான் முதலில் சொன்னேன். அவள் ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு கூடை, ஆளுக்கொரு துண்டு நிலம். சம்பளம் கொடுக்கிற ஆளே இல்லை, யாரிடம் போய்ப் பதிவு கேட்பது என்பாள். பிறகு படித்தவரைப் பார்த்துக் கேட்டேன்: அந்த ஊருக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் ஐயா. செனாயில் வேலி இருக்கிறது, வாசல் இருக்கிறது, காவலாளி இருக்கிறான், மூலைக்கு மூலை கேமரா இருக்கிறது. தொழிற்சாலை விமானத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அதற்குள் தரை துடைக்கிறவள் மட்டும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இங்கேயும் சட்டம் இருக்கிறது. ஓர் ஆள் வைத்தாலும் பதிய வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் மேலே ஒருவன், அவனுக்குக் கீழே ஒருவன், அவனுக்கும் கீழே ஒருவன் என்று கை மாறி வரும்போது, கடைசியில் முதலாளியே இல்லாமல் போகிறார். பாலத்தைத் தாண்டினால் எனக்கு விழிப்புணர்வு வந்துவிடுகிறதா, திரும்பி வந்தால் போய்விடுகிறதா? அந்தப் பக்கம் என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே ஐயா!

படித்தவர் வாயைத் திறந்தார். அவர் ஏதோ சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் மைக்கை எடுத்துக்கொண்டீர்கள்.

"தங்கச்சி, கேள்வி நேரம் முடிஞ்சிருச்சு. சைவ பிரியாணி ஆறுது பாருங்க."

சனம் சிரித்தது. தட்டு எடுக்க எழுந்துபோனது. அக்கா ஏற்கெனவே வரிசையில் நின்றார். பக்கத்தில் நின்ற பெண் அவர் கையைப் பிடித்துத் தட்டைக் கொடுத்தார்.

நான் சாப்பிடாமல் உங்களிடம் வந்தேன். ஒரு தடவை அலுவலகத்துக்கு வந்து ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். தணிந்துதான் கேட்டேன்.

"அக்காவே இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் போயி ஆமான்னு சொன்னா அவங்கள பொய்க்காரி ஆக்குன மாதிரி ஆயிடாதா? நாம எல்லாம் ஒரு குடும்பம் லா. வீட்டு விஷயத்த வெளிய கொண்டு போகாதீங்க."

குடும்பம்! உங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் எந்த வாசலிலும் விசிட்டர் அட்டை மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அக்கா வாய் திறக்க மாட்டார். அது எனக்குத் தெரியும், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதிகாரி கோப்பை இன்னும் மூடவில்லை. மீதி இருப்பது உங்கள் வாய் ஒன்றுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவில் பொதுக்கூட்டம். மறுபடியும் தலைவர் பதவிக்கு நிற்கிறீர்கள். நானும் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். அக்காவையும் பக்கத்தில் உட்கார வைப்பேன், நல்ல கண் உங்கள் பக்கம் இருக்கும்படி. அன்னதானக் கணக்கையும் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிப்பதையும் பிறகு பேசிக்கொள்ளலாம். பாடை தூக்கின கதையும் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். மைக் உங்கள் கையில்தான் இருக்கும். எழுந்து நின்று, கூடியிருக்கிற சனம் அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்: இந்தப் பெண் உங்களிடம் வேலை செய்தாரா, இல்லையா?