நாய்க்கு ஓட்டின மாதிரி

தன் காரில் ஏறுகிற யாரிடமும் தமிழரசன் முதலில் சொல்வது ஒன்றுதான். "இந்த வண்டியில இதுவரைக்கும் ஒருத்தர்கூட வாந்தி எடுத்தது கெடையாதுங்க." மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த வெள்ளைக் காரை வாடகைக்கு நிறுத்திப் பதினோரு வருஷமாக இதே பேச்சு. பச்சைப் பொய். எடுத்தவள் அவன் வீட்டிலேயே இருக்கிறாள், கட்டின பெண்டாட்டி அம்சவள்ளி.

வண்டி வாங்கிப் பூஜை போட்ட மறுநாள் நடந்தது அது. வெறும் வயிற்றோடு வெளியூர் கிளம்பினால் குமட்டும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற சங்கதி. மாமியார்க்காரி எட்டு இட்லியை வைத்து, மேலே கெட்டித் தயிரையும் ஊற்றி, தின்னாமல் ஏறக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கடப்பாக்கம் தாண்டவில்லை, எட்டும் வெளியே வந்துவிட்டன. கூட வந்த சிநேகிதர்கள் முன்னால் துரைக்கு மானம் போய்விட்டதாம். ரோட்டோர அடிபம்பில் நிறுத்தி, வண்டியின் கால்மிதியடியை அவள் கையாலேயே கழுவ வைத்தான். "நீயெல்லாம் உப்பு லாரி மேல உக்காந்து போறதுக்குத்தான் லாயக்கு" என்றான். சிநேகிதர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு இறங்கியவள்தான். அப்புறம் அவனும் கூப்பிடவில்லை, அவளும் ஏறவில்லை.

இத்தனைக்கும் அம்சவள்ளி நோஞ்சான் இல்லை. உப்பளத்தில் இருபது வருஷமாகக் கூடை சுமக்கிறவள். கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், வழுக்குகிற வரப்பில், ஓட்டமும் நடையுமாகப் போய் அம்பாரத்தில் உப்பைக் கொட்டிவிட்டு வருவாள். ஒரு கூடையைக் கீழே போட்டதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு நாலு சக்கரம் உருண்டால் போதும், வயிறு தொண்டைக்கு வந்துவிடும். போன வருஷம் கேளம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் சந்தியாவைப் பார்க்கப் பஸ்ஸில் போனாள். சம்பந்தியம்மா பாக்கியலட்சுமி வாசலில் போட்டிருந்த கோலத்தின் மேலேயே எடுத்துவிட்டாள். "அடுத்த தடவ அவரு மட்டும் வந்தா போதும், உங்களுக்கு எதுக்கு இந்த அவஸ்தை" என்றாள் சம்பந்தி. அக்கறையாகச் சொன்னது மாதிரிதான் இருந்தது. அம்சவள்ளிக்குத் தெரியாதா, அக்கறை எது ஏளனம் எது என்று!

இப்போது சந்தியா உண்டாகியிருக்கிறாள். தை பிறந்ததும் வளைகாப்பு. பெற்றவள் போய் முதல் வளையலைப் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். தமிழரசன் ஒரே வரியில் முடித்துவிட்டான். "நீ வராத. அங்க வந்து மானத்த வாங்காத. நானே போயி கூட்டினு வந்துடறேன்."

அவள் அன்று பகல் பூராவும் உப்புப் பாத்தியைக் கெட்டிப்படுத்த மிதிக்கும்போது களிமண்ணை அவன் முதுகு என்று நினைத்தே மிதித்தாள்.

அந்த மார்கழியில்தான் நாய் வந்தது. உப்பள முதலாளி புருஷோத்தமன் புதுச்சேரியில் வீடு கட்டிக்கொண்டு, வாரத்துக்கு ரெண்டு தரம் தமிழரசன் காரில் வந்துபோகிறவர். எங்கேயோ சொல்லிவைத்து, வெண்ணெய் நிறத்தில் ஒரு குட்டியை வாங்கிவிட்டார். பெயர் புருனோ. வந்த முதல் சவாரியிலேயே அது முதலாளியின் வேட்டியில் வாந்தி எடுத்தது. ரெண்டாம் சவாரியிலும் எடுத்தது. "ஏம்பா தமிழு, ஒரு மாசம் உங்கிட்டயே வெச்சிருந்து பழக்கிக் குடேன்" என்றார். இவன் வாயெல்லாம் பல்லாக, அதை மார்போடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். சந்தியா பிறந்தபோது கூட அந்த மனுஷன் அப்படித் தூக்கியதை அவள் பார்த்ததில்லை.

முதல் வைத்தியம் அவனே பார்த்தான். ஊரில் வயிறு புரட்டினால் நாக்கில் கல்லுப்பு வைப்பார்கள் இல்லையா, நாய்க்கும் வைத்தான். அதுவும் ஒன்றல்ல, ஒரு சிட்டிகை. அதோடு விட்டானா? வெறும் வயிறு ஆகாது என்று ஒரு கிண்ணம் தயிர்சோறு ஊட்டி, காரில் உட்காரவைத்துப் புறப்பட்டான். குட்டி சோற்றைக் கக்கிற்று, பிறகு வீட்டுக்கு வந்து ஒரு வாளித் தண்ணீரைக் குடித்து அதையும் கக்கிற்று. கண் செருகிப் படுத்தேவிட்டது. முதலாளி வீட்டு நாய் செத்துவிட்டால் என்ன ஆவது என்று தமிழரசன் பதறிய பதற்றம் இருக்கிறதே! வானூரில் இருந்த கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினான்.

மருந்து கொடுத்துத் தேற்றி, அந்தம்மா அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். வந்து அவனே ஒப்பித்தான். "நாய்க்கு உப்பு குடுக்கவே கூடாதாம் அம்சா. கெளம்பறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே சோத்த நிறுத்திடணுமாம். வயிறு காலியா இருந்தாத்தான் கொமட்டாதாம். மொதல்ல நிக்கிற வண்டியில சும்மா உக்கார வெக்கணும். அப்பறம் இஞ்சின் மட்டும். அப்பறம் கொஞ்ச தூரம். கண்ணாடிய ரெண்டு விரல் எறக்கி வெக்கணும். பிரேக்க மெதுவா போடணும். பயந்தா தட்டிக் குடுக்கணும், திட்டக் கூடாது."

அம்சவள்ளி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றது. திட்டக் கூடாதாமே! எட்டு இட்லி அவள் நினைவுக்கு வந்தது. அடிபம்பும் வந்தது.

"யாராச்சும் பின்னாடி உக்காந்து புடிச்சிக்கணும். வாயேன்" என்றான்.

"நானா? வண்டி நாறிடுமே."

"நிக்கிற வண்டிதானடி."

பதினோரு வருஷம் கழித்து அவள் அந்தக் காரில் ஏறினாள், நாய்க்கு ஆயாவாக. நிறுத்தியிருந்த வண்டியில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் இஞ்சின் ஓடியது. ஐந்தாம் நாள் உப்புக் கிடங்கு வளைவு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். குட்டிக்குச் சோறு நிறுத்தும்போதே அவளும் தன் சோற்றை நிறுத்திக்கொண்டாள். அவனுக்கு அது தெரியாது. அவள் தின்றாளா பட்டினியா என்று அவன் என்றைக்குக் கேட்டிருக்கிறான், அன்றைக்குக் கேட்க?

பாத்தியில் அவளோடு வேலை செய்யும் ஆரோக்கியசெல்விதான் கண்டுபிடித்தாள். "இன்னாக்கா, தூக்குச்சட்டிய தொறக்கவே மாட்டேங்கற?"

"சாயந்திரம் காருல போவணும். பத்தியம்."

"நாய்க்குச் சொன்ன பத்தியத்த நீ இருக்கறியா!" ஆரோக்கியசெல்வி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிடி, நல்லா சிரி. மனுஷிக்குன்னு எவன் பத்தியம் சொன்னான்? நாய்க்குச் சொன்னதத்தான் திருடிக்கணும்."

தமிழரசன் ஓட்டிய ஓட்டத்தைச் சொல்லவேண்டும். வேகத்தடை வந்தால் முட்டைக்கூடை தூக்குகிறவன் மாதிரி ஏற்றி இறக்கினான். "அவ்ளோதான் செல்லம், அவ்ளோதான்டா தங்கம்" என்று பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சினான். இருபத்துநாலு வருஷத் தாம்பத்தியத்தில் அந்த வாயிலிருந்து செல்லம் என்று ஒரு சொல் வந்ததை அவள் இப்போதுதான் கேட்கிறாள். அனுமந்தை வரைக்கும் போன அன்று குட்டி கொஞ்சம் எடுத்துவிட்டது. சீட்டின் மேலேயே. ஐயா என்ன செய்தார் தெரியுமா? வண்டியை ஓரங்கட்டி, தோளில் கிடந்த சொந்தத் துண்டை எடுத்து அதன் வாயைத் துடைத்தார். "பரவால்லடா, பரவால்ல, மாமா தொடச்சிக்கறேன்" என்றார். மாமாவாம்! அவளுக்கும் அப்போது குமட்டிக்கொண்டுதான் வந்தது. பல்லைக் கடித்து, கண்ணாடி இடுக்கில் வந்த காற்றை இழுத்து அடக்கினாள். நாய் துடைக்கப்படுவதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. நாயின் மேல் வந்த பொறாமைக்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்து கூனிமேடு. அதற்கப்புறம் குயிலாப்பாளையம் வரைக்கும் போனார்கள். குட்டி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தது. அவளும் வயிறு கலங்காமல் வந்தாள். திரும்பி வரும்போது, வெள்ளை அம்பாரங்கள் தெரிகிற இடத்தில், காரில் போவதென்றால் இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவுதான் என்றால் பதினோரு வருஷம் எதற்காக?

பொங்கல் முடிந்து முதலாளி நாயை வாங்கிக்கொண்டு போனார். புதுச்சேரி வரைக்கும் சுத்தமாக வந்ததாம். தமிழரசன் ஸ்டாண்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டான். "பொறுமை வேணுங்க. ஜீவன் இல்லையா, அன்பா சொல்லணும்." காதில் விழுந்தபோது அம்சவள்ளிக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

வளைகாப்பு நாள் காலையில் சீர்த்தட்டு எல்லாம் டிக்கியில் ஏறிவிட்டது. தமிழரசன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். பின்சீட்டில் பட்டுப்புடவையோடு அம்சவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், எறங்கு. வெளையாடாத."

"வண்டிய எடுங்க."

"நூறு கிலோமீட்டர்டி. வழியெல்லாம் வாந்தி எடுத்துனு..."

"பதினேழு நாளா இந்த சீட்டுல நாய் மட்டுந்தான் வந்துச்சா? நான் வந்தது உங்க கண்ணுல படலயா?"

அவன் நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறவன் போல நின்றான்.

"ஒரு வாட்டியாவது எடுத்தேனா? சொல்லுங்க."

"இல்ல."

"அப்ப எடுங்க. கண்ணாடிய ரெண்டு விரல் எறக்குங்க. வேகத்தடையில நாய்க்கு ஓட்டின மாதிரி ஓட்டுங்க."

ஓட்டினான். கடப்பாக்கத்தில் அந்த அடிபம்பு இன்னும் இருந்தது. அதைத் தாண்டும்போது அவனாகவே பேச்சை எடுத்தான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தீனா உன்னையும் அன்னிக்கே பழக்கியிருப்பேன் இல்ல?"

"நாய் வாயத் தொறந்து சொல்லுச்சா உங்ககிட்ட?"

அதற்கப்புறம் கேளம்பாக்கம் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையையும் அவன் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கினான். அவள் மடிப்புக் கலையாத புடவையோடு இறங்கி, கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து உள்ளே போனாள். சம்பந்தி பாக்கியலட்சுமி பார்த்துக்கொண்டிருக்க, முதல் வளையலை மகள் கையில் ஏற்றினாள்.

திரும்பும்போது சந்தியாவும் பின்சீட்டில் இருந்தாள். ஏழு மாத வயிறு, போதாததற்கு சம்பந்தி வீட்டில் திணித்து அனுப்பிய ஐந்து வகைச் சாதம். கூவத்தூர் தாண்டியதும் "ம்மா..." என்றாள். அவ்வளவுதான், மிதியடி முழுக்க.

தமிழரசன் வண்டியை நிறுத்தினான். திட்டுகிற பழக்கத்தில் வாய் திறந்துகொண்டது. கண்ணாடியில் அம்சவள்ளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. இறங்கி வந்தான், பின்கதவைத் திறந்தான், தோளிலிருந்த துண்டை எடுத்து மகளிடம் நீட்டினான். மிதியடியை உருவிக்கொண்டு, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று தேடி அவனே நடந்தான்.

"அப்பாவாம்மா இது?" என்றாள் சந்தியா.

"தொடச்சிக்க கண்ணு" என்றாள் அம்சவள்ளி. "நாய் வாயத் தொடச்ச துண்டுதான். நல்லா தொவச்சிட்டேன்."