பருப்பு வேகும் கிணறு

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. எழுதியவர் அந்தப் பத்திரிகையின் துணை ஆசிரியர். அதற்கு அச்சுக் கோர்த்தவன் நான். ஒவ்வொரு எழுத்தையும் பெட்டியிலிருந்து என் விரலால் எடுத்து வைத்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியான வருஷம். வீடுகள் பூட்டிக் கிடந்தன. அச்சுக்கூடத்தில் பாதிப் பேர் வரவில்லை. துணை ஆசிரியர் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏம்பா, நீ அம்பத்தூர் பக்கம்தானே? குடும்பத்தோடு வந்து இருக்க இடம் கிடைக்குமா?”

ஊரில் கிராம முன்சீப்பைப் பார்க்கச் சொன்னேன். என்னோடு வந்து தங்குங்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் சேரி என்பது அவருக்குத் தெரியும். முன்சீப் தன் வீட்டை ஒட்டிய ஒரு வீட்டை வாடகைக்கு விட்டார். அடுத்த வாரம் பூந்தமல்லி சாயபு ஒருவர் தன் ஜட்காவில் அவர்களுடைய பெட்டி படுக்கைகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

எங்கள் ஊருக்கும் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கும் நடுவே ஏரி. கோடையில் அதன் குறுக்கே நடந்தால் அரை மணி நேரம். மழைக்காலத்தில் கரையைச் சுற்ற வேண்டும், அப்போது ஒரு மணிக்கு மேல் ஆகும். துணை ஆசிரியருக்கு இது வேடிக்கையாக இருந்தது. பருவத்துக்கு ஒரு தூரம் வைத்திருக்கும் ஊர் என்று பிறகு எழுதினார். வேறு பல விஷயங்களும் அவருக்கு வேடிக்கையாக இருந்தன. ஏரி வற்றியதும் அதற்குள் வெள்ளரி போடுகிறோம். எருமைகள் மேய்ப்பவன் இல்லாமலே மாலையில் அதனதன் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் சட்டைப் பையில் இருந்த பென்சிலால் குறித்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் அவர் வீட்டில் வேடிக்கையாக இல்லை. தண்ணீர். ஊர்க் கிணறுகள் அத்தனையும் உப்பு. பருப்பு வேகாது, காப்பி திரிந்துபோகும். இரண்டு நாள் பார்த்துவிட்டு அவர் மனைவி பட்டணத்துக்கே போய்க் குண்டு வாங்கிச் சாகிறேன் என்றாராம். ஜட்கா சாயபு சிரித்துக்கொண்டே இரண்டு தவலைகளை வாங்கிப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

அன்று மாலை கரைமேல் என்னைப் பார்த்ததும் சாயபு வண்டியை நிறுத்தினார்.

“இன்னா நைனா, உங்க கெணத்துக்கு வந்த வாழ்வப் பாத்தியா? பருப்பு போட்ட ஒடனே பூத்துக்குதாம். அந்தம்மா எனக்கே ஒரு கிண்ணம் குடுத்துச்சு.”

“எங்கேருந்து மொண்டாந்தேன்னு சொன்னியா பாய்?”

“கேக்கல, சொல்லல. என் குதிரைக்கு யாரு சொன்னாங்க? முன்சீப் ஊட்டுத் தொட்டில அது வாய வெச்சதே இல்ல. உங்க கெணத்தாண்ட வந்தா நின்னுகினு நவுறாது.”

எங்கள் பக்கத்து உண்மையான விந்தை இதுதான். ஊர் உப்புத் தண்ணீர் குடித்தது, சேரி நல்ல தண்ணீர் குடித்தது. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொட்டால் தீட்டு. ஆகவே உப்பைக் குடித்தார்கள், பல் கறுத்துப்போனார்கள், பேசாமல் இருந்தார்கள்.

துணை ஆசிரியருக்குத் தண்ணீர் வந்த இடம் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. தெரிந்ததும் அவர் முகம் சுளிக்கவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தார். கட்டுரையின் கடைசிப் பகுதி முழுவதும் அந்தக் கிணறுதான். அமிர்தம் கூப்பிடு தூரத்தில் இருக்க, உப்பைக் குடித்துவிட்டு மீசை முறுக்கும் பெரிய மனிதர்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார். குதிரையும் வந்தது. மனிதனை விடக் குதிரைக்குப் புத்தி அதிகம் என்று முடித்திருந்தார். கோர்க்கும்போது நானும் சிரித்தேன்.

எங்கள் கிணறு ஏன் நல்ல தண்ணீர் என்று மட்டும் அவர் எழுதவில்லை. அவர் கேட்கவே இல்லை. எங்கள் சேரி ஏரிக்கரையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் முதலில் எங்கள் குடிசைக்குள்தான் தண்ணீர் வரும். மழைக்காலத்தில் அடுப்பை மரப்பெட்டிமேல் வைத்துச் சமைத்த பெண்களை எனக்குத் தெரியும். யாரும் குடியிருக்க மாட்டார்கள் என்பதால் அந்த இடத்தை எங்களுக்கு விட்டார்கள். ஏரி கசிந்து கசிந்து எங்கள் மண்ணில் உப்பைக் கழுவியது. அந்தப் பள்ளத்தில் கிடந்ததற்குக் கிடைத்த கூலிதான் அந்தத் தண்ணீர். கிணற்றைத் தோண்டியவர்களும் எங்கள் ஆட்களே. கல்லைக் கரையிலிருந்து சுமந்து வந்து அடுக்கினார்கள். வாய்க்கல்லில் கயிறு உரசி உரசி விரல் புதையும் அளவுக்குத் தடம் விழுந்திருந்தது.

பத்திரிகை பூந்தமல்லி வரை போயிற்று. சந்தையில் ஒரு வெற்றிலைக் கடைக்காரர் முன்சீப்பை நிறுத்திக் கேட்டாராம்: “இன்னா முன்சீப், உப்புத் தண்ணி குடிச்சிக்கினு ஒடம்பு எப்டி கீது? ஊறுகாய் மாரி கெடாம கீதா?” கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்களாம். சாயபுதான் வந்து சொன்னார். சொல்லும்போது அவரும் சிரித்தார். அதோடு சிரிப்பு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அச்சுக்கூடம் விடுமுறை. என் அக்கா குடத்தோடு போனவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்து, “நீயும் வந்து பாரு” என்றாள். போனேன்.

கிணற்றைச் சுற்றி ஊர் ஆட்கள். தண்ணீரை முழுக்க இறைத்து வெளியே கொட்டியிருந்தார்கள். உள்ளே சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். பூசாரி மாவிலையால் கோமியம் தெளித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாய்க்கல்லைப் பெயர்த்து முள்ளுக்குள் தள்ளிவிட்டுப் புதுக் கல் பதித்து, அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வேலி போடக் கொம்பு ஊன்றிக்கொண்டிருந்தவன் முன்சீப்பின் ஆள்.

அக்கா அவனிடம் போனாள். “இன்னா ஆண்டே இது? நேத்து வரைக்கும் எங்க தண்ணி, தொட்டா தீட்டுன்னீங்க. இன்னிக்கு நாங்க தொட்டா தீட்டா?”

“தள்ளி நில்லு புள்ள. கும்பம் வெச்சிருக்கு.”

“எங்க ஆளுங்க தோண்டின கெணறு இது” என்றேன் நான்.

“நெலம் யாருது? புறம்போக்கு. சர்க்கார் நெலத்துல யார் வேணா தோண்டலாம், யார் வேணா எடுக்கலாம்.”

“அப்ப நாங்களும் எடுக்கலாமில்ல?”

“இப்ப இது ஊர்க் கெணறு.”

“ஊர்க் கெணறு எல்லாமே உப்பாச்சே. அதையாவது எங்களுக்கு உடுவீங்களா?” என்றாள் அக்கா.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. கொம்பை இரண்டு தட்டுத் தட்டினான். “ஏரில ஊத்து தோண்டிக்கோங்க. ஏரி என்னா வத்தியா பூட்சி?”

ஏரி வற்றிப் போய்த்தான் இருந்தது. பெண்கள் ஏரிக்குள் ஈர மண் பார்த்துக் குழி தோண்டினார்கள். ஊறி வர நேரமாகும். கொட்டாங்குச்சியால் மேலாக மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். கை கொஞ்சம் ஆழமாகப் போனால் கலங்கிவிடும். அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. அந்தக் கோடையில் அந்தக் குழந்தைக்கு வயிறு சரியாக இருந்த நாளே இல்லை. சேரியில் வேறு குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

நான் துணை ஆசிரியரிடம் போனேன். குண்டு விழாததால் அதற்குள் குடும்பத்தோடு பட்டணத்துக்குத் திரும்பியிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். யார், எங்கே, எப்போது, எப்படி. செய்தியைச் சொல்லும் விதம் அச்சுக்கூடத்தில் எனக்குப் பழகியிருந்தது. அவர் கண் மலர்ந்தது.

“ஊர்க்காரர்கள் சேரிக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்களா? நிஜமாகவா?”

“எங்களை எடுக்க விடவில்லை சார்.”

“அது சரியாகிவிடும். முதல் படியைப் பார். நூறு வருஷ வழக்கத்தை ஒரு கட்டுரை உடைத்திருக்கிறது!”

“குழந்தைக்கு உடம்பு சரியில்லை சார். வேலி போட்டதையும் எழுத வேண்டும்.”

அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். “இந்தப் பகுதி வாசகருக்கு வேடிக்கை காட்டுவதற்கு. இதில் புகாரை நுழைத்தால் சுவை போய்விடும். காகிதத் தட்டுப்பாடு வேறு. நீ தாசில்தாருக்கு எழுது.”

இரண்டு நாளில் அவர் எழுதிய தொடர்ச்சி கோர்ப்பதற்கு வந்தது. பேனாவின் வலிமையைப் பற்றியது. பழமையில் ஊறிய ஒரு கிராமம் கண் திறந்தது என்றும், தீண்டாத கிணற்றை ஊரே இன்று போற்றுகிறது என்றும், குங்குமம்கூட வைத்திருக்கிறார்கள் என்றும் இருந்தது. அதிலும் பொய் இல்லை. நான் முதல் பத்தியைப் பாதிவரை கோர்த்தேன். பிறகு கோர்த்த எழுத்துகளைத் திரும்பப் பிரித்து அதனதன் அறையில் போட்டுவிட்டு, இது என்னால் முடியாது என்று மேற்பார்வை பார்த்த போர்மனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்காரனிடம் கொடுத்தார். எனக்குக் கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் தந்தார். கட்டுரை குறித்த நாளில் வெளிவந்தது. பாராட்டி நிறையப் பேர் எழுதினார்கள். அந்தப் பாராட்டுகளையும் ஒரு பக்கம் போட்டார்கள். வேலியைப் பற்றி எழுத அந்தப் பக்கத்தில் கால்வாசி போதும்.

பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா குழந்தையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள்.

“நம்ம ஊரப் பத்தி இன்னா போட்டுகீறாங்க? படி.”

முழுவதும் படித்துக் காட்டினேன். குங்குமம் வந்த இடத்தில் அவள் விசிறுவதை நிறுத்தினாள்.

“அந்தாளு இப்ப எந்தத் தண்ணி குடிக்கிறாரு?”

“பட்டணத்துல. குழாயத் தொறந்தா வருது.”

“குழாய்க்கு எங்கேருந்து வருது?”

“செங்குன்றம் ஏரிலேருந்து.”

“அதுவும் நம்ம பக்கத்துத் தண்ணிதானா” என்றாள்.

குழந்தையை என்னிடம் கொடுத்தாள். இடுப்பில் குடத்தையும் கையில் கொட்டாங்குச்சியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கினாள். மற்றவர்கள் வந்து கலக்குவதற்கு முன்னால் போக வேண்டும்.