புல்கெண்டைக்கு ஏற்ற நரம்பு

“அம்மா, மீனு கீனு வேணாம். கோழி போதும். அவங்க கடல் மீன் சாப்புட்டே வளந்தவங்க, சிரிப்பாங்க.”

ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி மகள் போனில் சொன்னது இது. கூட வேலை பார்க்கிற தூத்துக்குடிப் பக்கத்துப் பையனைக் கட்டிக்கொண்டவள். கல்யாணம் அவர்கள் ஊரில் நடந்தது. இப்போது சம்பந்தி வீட்டார் முதல்முறையாக ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். கல்யாணப் பந்தியிலேயே சம்பந்தியம்மா சொல்லியிருந்தார்: “ஒங்க ஊரு மீனெல்லாம் சேத்து வாடை அடிக்குமே மதினி, எப்படித்தான் திங்கியளோ!” எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சேர்ந்து சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எங்கள் மீன் என்ன சேற்றிலா வளர்ந்தது? தக்காளிக்குத் தண்ணீர் தேக்கவென்று வெட்டி, அடியிலிருந்து கரை வரை கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்ட பண்ணைக்குட்டை அது. சேறு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. புல்கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டவள் நான். மாட்டுக்கு வெட்டும் தீவனப்புல்லில் பங்கு பிரித்துப் போட்டு வளர்த்தவளும் நான்தான். பக்கெட்டைத் தட்டினால் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். “மீன்தான் போடுவன். அதுவும் நம்ம குட்டை மீனு” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

வாயை விட்டாயிற்று, பிடிப்பது எப்படி? வலை வீசினால் ஈயக்குண்டு விரிப்பைக் கிழித்துவிடும். கிழிந்தால் கோடைக்கு வைத்திருக்கும் தண்ணீர் அத்தனையும் போச்சு. தூண்டில் ஒன்றுதான் வழி. அதிலும் முள் அடிக்குப் போய் விரிப்பில் மாட்டினால் கதை முடிந்தது. ஆகவே இரை மேலேயே மிதக்க வேண்டும், மீன் மேலேயே எடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஏரியில் புழு கோத்துப் பிடித்துப் பழகியவர். வீட்டில் கிடந்த தடித்த பச்சைத் தூண்டில் நரம்பில் முள்ளைக் கட்டி, புல்லைச் செருகிப் போட்டார். நரம்பின் கனத்தில் புல் மெல்ல முழுகியது. போட்டுவிட்டு கரையோரம் புதருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்துகொண்டார். “பேசாத மே, மீனு பயந்துக்கும்.”

“யோவ், நம்ம மீனு சத்தம் கேட்டாத்தான்யா வரும்!” என்று பக்கெட்டைத் தட்டினேன். திமுதிமுவென்று வந்தன. முழுகிய புல்லை மோந்து பார்த்தன, நரம்பைப் பார்த்தன, வாலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டன. ரோஷக்கார மீன்கள், என்னைப்போல.

மறுநாள் ஊத்தங்கரைக் கடைவீதிக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு நரம்பை எடுத்து நீட்டினார். “இது பாருக்கா, தண்ணியில போட்டா கண்ணுக்கே தெரியாது.” இன்னொன்றை எடுத்தார். “இது பின்னுன நரம்பு. யானையக் கட்டி இழுக்கலாம்.” என் வீட்டுக்காரர் யானையிலேயே நின்றுவிட்டார்.

“ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்றேன். குடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி வாங்கித் தண்ணீரில் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத நரம்பு நேரே அடிக்குப் போனது. பின்னிய நரம்பு நன்றாக மிதந்தது, ஆனால் கோடு போட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. திமிறுகிற மீனின் மெல்லிய உதட்டை அது கிழிக்காதா? கடைசியில், யாரும் எடுத்துக் காட்டாத சாதா வெள்ளை நைலான் நரம்பு, நடுத்தரத் தடிமன். தண்ணீர் மேலேயே படுத்துக்கொண்டது. இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுத்தது.

“இதுதான்” என்றேன்.

“பெரிய மீனுக்கு இது தாங்காதுக்கா.”

“மீன வளத்தவ நானு. தாங்கும், குடுங்க.”

விருந்தன்று காலை, நரம்பு ஊறி முழுகாமலிருக்க, குதிகால் வெடிப்புக்குப் போடுகிற வாசலினை அதில் தடவினேன். முள்ளுக்கு அருகே மட்டும் ஒரு முழம் தடவாமல் விட்டேன், அங்கே மினுங்கினால் மீன் சந்தேகப்படும். புல்லோடு மிதக்க விட்டு, பக்கெட்டைத் தட்டினேன். இருப்பதிலேயே பெரியது வந்தது. புல்லை இழுத்து, மென்று, திரும்பியது. சுண்டி இழுத்தேன் பாருங்கள், அப்பப்பா! குட்டையே கலங்கியது. அது ஓடும்போது விட்டேன், அசந்தபோது இழுத்தேன். நரம்பு நீண்டது, அறுந்துபோகவில்லை. வழுக்கும் விரிப்பில் கயிற்றைப் பிடித்து இறங்கிய வீட்டுக்காரர், மாங்காய் பறிக்கிற வலைக்கோலில் அதைத் தலையோடு ஏந்திக்கொண்டார். கரையில் கிடத்தியபோது எனக்கு நெஞ்சு விம்மியது. வேறு யாராவது பிடித்திருந்தால் இத்தனை திமிராக நின்றிருக்க மாட்டேன்.

மத்தியானம் இலையில் குழம்பும் வறுவலும். சம்பந்தியம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். என் மகள் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

“வாடையே இல்லையே! இத எங்க வாங்குனிய மதினி?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் நிமிர்ந்தாள். “வாங்கல அத்தே. எங்கம்மா புடிச்சது.”

“நரம்பு வாங்க பஸ்ஸுல கூடப் போனது நானு” என்றார் என் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். சம்பந்தியம்மா இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் குட்டைக் கரைக்குப் போனோம். நான் பக்கெட்டுக்குக் கையை நீட்டினேன். மகள் அதற்குள் பிடுங்கிக்கொண்டாள்.

“இரும்மா, நான் தட்றன்.” பிறகு மாமியாரைக் கையைப் பிடித்துக் கரையோரம் நிறுத்தினாள். “இங்க நின்னு பாருங்க அத்தே. எங்க மீனுங்க இப்ப வரும்.”

தட்டினாள். வந்தன.