ஸ்டுடியோவில் எடுத்த சிரிப்பு

ஒன்றுமே நடக்காத மேடையைப் பார்த்து நீங்கள் எப்போதாவது விழுந்து விழுந்து சிரித்திருக்கிறீர்களா?

நான் சிரித்தேன். போன மாதம், கொச்சியில் கலூர் பக்கம் ஒரு ஸ்டுடியோவில். கூட வந்தவள் செல்வி அக்கா; மட்டாஞ்சேரியில் எங்கள் பக்கத்து வீடு. அவள் கணவர் முருகேசன் அண்ணனுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. அங்கே எடுக்கும் டிவி காமெடி ஷோ என்றால் அவருக்கு உயிர். யாரிடமோ சொல்லி வைத்து இரண்டு பாஸ் வாங்கியவரும் அவர்தான். ஆனால் அன்றைக்கு டியூட்டியை மாற்ற முடியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. உங்கள நான் டிவில பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பி வைத்தார்.

உள்ளே போனதும் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏசி குளிர் வேறு. மேடையில் ஒரு காலி சோபா, அவ்வளவுதான். ஹெட்செட் மாட்டிய ஃப்ளோர் மேனேஜர் வந்தார். முதலில் ஆடியன்ஸை மட்டும் தனியாக எடுத்துவிடுவார்களாம். கை தட்டச் சொன்னார், தட்டினோம். ஆச்சரியப்படச் சொன்னார், வாயைப் பிளந்தோம். அடுத்து... சிரிக்கச் சொன்னார்.

எதைப் பார்த்து?

"அதொக்கெ பின்னெ வரும் சேச்சி. இப்போ சிரிச்சா மதி" என்றார். ஜோக் அப்புறம் வருமாம், இப்போதைக்குச் சிரித்தால் போதுமாம்!

செல்வி அக்கா கூச்சத்தோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனிதர் விடவில்லை. "கை மாத்தூ சேச்சி... பல்லு காணட்டே!"

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் காலி சோபாவைப் பார்த்து, தலையை ஆட்டி, பல் தெரியச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தாள். "சூப்பர் சேச்சி!" என்று எங்களை முன் வரிசைக்கு மாற்றினார்கள். அவளுக்கு மட்டும் ஒரு சாயாவும் கட்லெட்டும் வந்தன. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

பிறகு நிஜ ஷோ தொடங்கியது. முதல் இரண்டு ஸ்கிட் ஜோராகப் போயின. மூன்றாவதில் ஒரு துப்புரவுத் தொழிலாளி வந்தார் — அதாவது, முகத்தில் கரி பூசிய நடிகர். கொச்சைத் தமிழில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்கிறார். வீட்டம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு தருகிறாள். அவர் குடித்து முடித்ததும் அந்த கிளாஸை இடுக்கியால் பிடித்து, அவருடைய குப்பை வண்டியிலேயே போடுகிறாள்.

அரங்கம் சிரித்தது. செல்வி அக்கா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முருகேசன் அண்ணனுக்குத் தினமும் பையில் டம்ளர் வைத்து அனுப்புகிறவள் அவள். எந்த வீட்டு கிளாஸையும் அவர் கேட்பதில்லை. ஏன் என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். "இவளே, இந்தக் கதைய மட்டும் அவரு கிட்டச் சொல்லிராத. டிவில வரும்போது பாத்துக்கிடலாம். ஆசையா அனுப்பி வச்சாரு."

ஷோ டிவியில் வரும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தெருவையே கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். அந்த ஸ்கிட் வரும்போது கரண்ட் போகாதா என்று நான் எல்லாச் சாமியையும் வேண்டினேன். எங்கே... அன்றைக்கென்று பார்த்து விளக்கு மினுங்கக்கூட இல்லை!

வீட்டம்மா இடுக்கியை எடுத்தாள். கிளாஸ் வண்டியில் விழுந்தது. அடுத்த காட்சி —

திரை முழுக்க செல்வி அக்கா. தலையை ஆட்டி, பல் தெரியச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. காலி சோபாவுக்காகச் சிரித்த சிரிப்பை வெட்டிக் கொண்டுவந்து இதில் ஒட்டிவிட்டார்களே, பாவிகள்!

"நான் இதுக்குச் சிரிக்கலங்க..." என்றாள் அக்கா. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை சேனலுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எடிட்டிங்கில் இதொக்கெ பதிவாணு மேடம்" என்றது ஒரு இனிமையான குரல். இதெல்லாம் வழக்கம்தானாம். வழக்கமாம்! ஒருத்தியின் சிரிப்பை எடுத்து அவள் புருஷன் முகத்திலேயே அறைவது வழக்கமாம்.

சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்தார். வாசலிலேயே மறித்து, ஸ்டுடியோவில் நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். செல்வி அக்கா கதவோரம் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீ சொல்லவே வேண்டாம் பிள்ள" என்றார். "அவ நெசமா சிரிச்சா வாயப் பொத்திக்கிடுவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கேன்லா. அவ பல்லு வரிசைய நானே நேத்துத்தான் முழுசா பாத்தேன்."

"அப்புறம் ஏன் எழுந்து போனீங்க?" என்று அக்கா கதவோரத்திலிருந்து கேட்டாள்.

"எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சது நாந்தானே... அவங்க மூஞ்சியப் பாக்க முடியல."

எனக்குப் பெரிய நிம்மதி. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? கூட வேலை பார்ப்பவர்கள் ஏதாவது கேட்டார்களா என்றேன்.

அண்ணன் பையிலிருந்து டம்ளரை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

"கேக்காம இருப்பானா? ஒம் பொண்டாட்டியே சிரிக்காளேன்னு எல்லாவனும் சிரிச்சான். நானும் கூடச் சேந்து சிரிச்சேன்... பல்லு தெரியத்தான்."