களைக்கொட்டோடு மனை பார்க்க வந்தவர்கள்

சென்னையில் இரண்டு வருடம் தங்கி ரியல் எஸ்டேட் மேலாண்மையில் முதுகலை முடித்தேன். மகள் என்ன படித்திருக்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா, "நெலத்துக்குப் படிச்சிருக்கா" என்பாள். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது என்பதால் கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். கச்சிராயபாளையம் பக்கத்துக் கழனிகளுக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போவதுதான் அம்மாவின் வேலை. கூலியை அவள்தான் பேசுவாள். பேசி முடிக்காமல் ஒருத்தியையும் வரப்பைத் தாண்ட விடமாட்டாள்.

கூடப் படித்தவர்கள் வணிக வளாகம், முதலீட்டு நிதி என்று பெரிய நிறுவனங்களுக்குப் பறந்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது கள்ளக்குறிச்சியில் மனை போட்டு விற்கும் ஒரு முதலாளியின் அலுவலகம். ஆறு மாதம் தற்காலிக வேலை. அதற்குள் ஒரு மனையாவது என் மூலம் விற்றால் நிரந்தரம், இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். சம்பளம் பற்றி அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுச் சேர்ந்திருந்தேன். பேரம் பேசும் கலை என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான்!

சேர்ந்த புதிதில், சித்திரை வெயிலில், அந்த மனைப்பிரிவுக்கு நானே ஓர் ஆய்வறிக்கை தயாரித்தேன். சாலை வசதி, பள்ளிக்கூட தூரம், விலை ஏற வாய்ப்பு, எல்லாம் படங்களோடு நாற்பது பக்கம். 'தண்ணீர் தேங்காத நிலம்' என்ற வரியை முதலாளி அதிலிருந்து எடுத்து விளம்பரத் தாளில் போட்டுக்கொண்டார். அந்தத் தாளை எத்தனையோ பேரிடம் நீட்டினேன். ஒரு மனைகூட விற்கவில்லை.

ஆறு மாதத்தின் கடைசி ஞாயிறும் நெருங்கியது. மனை பார்க்க வருகிறவர்களுக்கு இலவச வேன், மதியச் சாப்பாடு. வேன் காலியாக வந்தால் திங்கட்கிழமை நீயும் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சனிக்கிழமை மாலைவரை ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை.

"இன்னாடி, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வர்ற?" என்றாள் அம்மா. சொன்னேன்.

"வேனுக்கு எத்தினி பேரு வேணும்?"

"இருபது பேர். ஆனா மனை வாங்குறவங்க வேணும்மா."

"வாங்குறவங்கள நீ பாரு. வேன நான் ரொப்புறேன்."

இது ஏமாற்று என்று தெரியும். வேலை போய்விடுமே என்ற பயத்தில் ஒத்துக்கொண்டேன். அதோடு நின்றிருக்கலாம். "மொதலாளிகிட்ட நீ எங்கம்மான்னு மட்டும் சொல்லிக்காத" என்றும் சொன்னேன். அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "செரி" என்று உலையைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் மனைப்பிரிவு வாசலில் கலர் கொடிகள் படபடத்தன. முதலாளி வெள்ளைச் சட்டையில் நின்றார். வேன் வந்தது. இருபது பெண்களும் புடவைக்கு மேல் பழைய ஆண் சட்டை, தலையில் துண்டு, கையில் களைக்கொட்டு, தூக்குவாளி சகிதம் இறங்கினார்கள். மனை பார்க்கப் போகிறோம் என்று அம்மா சொல்லித்தான் இருக்கிறாள். ஆனால் அவர்கள் வாழ்நாளில் வேலைக்குத் தவிர வேறெதற்கும் அவர்கள் தெருவுக்கு வேன் வந்ததில்லை. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்துவிட்டார்கள். முதலாளி புருவத்தை உயர்த்த, நான் அவசரமாக விளம்பரத் தாள்களை நீட்டத் தொடங்கினேன்.

மழைக்குப் பிறகு அங்கே பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து எல்லைக் கற்களை மூடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவர்களால் முடியவில்லை. அரை மணி நேரத்தில் வரிசை பிடித்துக் குனிந்துவிட்டார்கள். கூலி பேசாமலா என்று அதட்டிய அம்மாவும் கடைசியில் குனிந்தாள். கேலியும் சிரிப்புமாகக் களை பறந்தது.

அப்போதுதான் தியாகதுருகத்திலிருந்து ஓர் ஆசிரியத் தம்பதி ஸ்கூட்டரில் வந்தார்கள். என் விளம்பரத் தாளைப் பார்த்து வந்த உண்மையான வாடிக்கையாளர்கள்! நான் வாயைத் திறப்பதற்குள் அந்த டீச்சர் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "இங்க தண்ணி நிக்குமாங்க?" என்று கேட்டுவிட்டார்.

அம்மா நிமிர்ந்தாள். "கீழண்ட வரிசைல வாங்காதீங்க. ஐப்பசில முட்டிக்கால் தண்ணி நிக்கும். மேலண்ட வரிசைக்கு ஒண்ணும் பயமில்ல. நாங்க நடவு நட்ட கழனிதான் இது."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு இந்தம்மாவ கூட்டிக்கினு வந்தது?" என்று என் பக்கம் திரும்பினார். அம்மா என்னைப் பார்க்காமல் மீண்டும் குனிந்துகொண்டாள். முந்தின நாள் நான் சொன்னதை மதித்து அவள் அப்படிக் குனிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எங்கம்மா சார். அவங்க சொல்றதுதான் நெஜம். நான் வெயில் காலத்துல பாத்து எழுதிட்டேன்" என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

டீச்சரும் கணவரும் தனியே போய் ஏதோ பேசினார்கள். திரும்பி வந்து, "உள்ளத உள்ளபடி சொல்றவங்ககிட்ட வாங்கலாம்" என்று மேல் வரிசையில் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

முதலாளி மூக்கைச் சொறிந்தார். கீழ் வரிசையை மண் அடித்து உயர்த்தின பிறகுதான் விற்க வேண்டும் என்று முணுமுணுத்தார். பிறகு அம்மாவிடம் வந்தார்.

"ஏம்மா, இவ ஒம் பொண்ணா?"

"அவளே சொல்லிட்டா. நான் இல்லன்னா சொல்லப் போறேன்? அது இருக்கட்டும் மொதலாளி, பாதி மனைங்க சுத்தமாயிடுச்சி. எங்க ஆளுங்களுக்குக் கூலி?"

"மனை பாக்கத்தான வந்தீங்க?"

"பாத்தோம். பாத்துட்டுத்தான் எடுத்தோம்."

அவர் சிரித்துவிட்டார். கூலி கொடுத்தார். அம்மா நகரவில்லை.

"பொண்ணு?"

"நாளைலேருந்து நிரந்தரம். வரச் சொல்லு."

"வருவா. சம்பளம் இன்னா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஒரு தொகை சொல்ல, கம்மி என்று அம்மா தலையசைக்க, அவர் ஏற்ற, இருபது பெண்களும் களைக்கொட்டை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் கனவிலும் கேட்டிருக்கமாட்டாத தொகையில் பேச்சு முடிந்தது.

திரும்பும்போது வேனில் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டேன். களைச்செடி வாசம் அடித்தது. "நேத்து அப்பிடிச் சொல்லிட்டேன்மா" என்றேன்.

"அத்த வுடு" என்றாள். கூலிப் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்: "ஏண்டி, ரெண்டு வருசம் படிச்சியே, கூலி பேசாம கழனில கால் வைக்கக் கூடாதுன்னு அங்க ஒருத்தருமா சொல்லித் தரல?"