அண்ணன் வேண்டிக்கொண்ட மொட்டை

இன்று காலை திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் மொட்டை போட்டுக்கொண்டேன்.

போர்வெல் லாரியில் வேலை பார்த்த என் அண்ணனுக்கு பவுலிங் பைத்தியம். கிரிக்கெட் இல்லை, பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்ப்பார்களே, அது. சேலத்து மாலில் ஒரே ஒருமுறை உருட்டியவன், அப்புறம் உலகப் போட்டிகளையெல்லாம் போனில் பார்ப்பான்.

அவனுக்குப் பிடித்த வெளிநாட்டுப் பெண் இந்த சீசன் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருந்தாள்.

"ஒரு கோப்பையாச்சும் அந்தப் புள்ள ஜெயிச்சா மொட்டை போடறேன்டா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் இப்படி வேண்டிக்கொண்டான்.

போன மாதம் அண்ணன் போய்விட்டான். நேற்று, சீசனின் கடைசிப் போட்டியில் அவள் ஜெயித்துவிட்டாள்.

"அண்ணன் வேண்டுனதைத் தம்பிதான் தீர்க்கோணும் சாமி" என்று அம்மா அனுப்பிவைத்தார்.

மொட்டை போடுபவர் என் தலையைத் தடவினார்.

"முடி இப்பத்தானுங்க மொளச்சிருக்குது?"

"அண்ணன் காரியத்துக்கு எடுத்ததுங்க. இது அவனோட வேண்டுதல்."

"ஒடம்பு நல்லாவோணும்னு வேண்டியிருந்தாருங்களா?"

"இல்லீங்க. பந்து உருட்டற போட்டியில ஒரு புள்ள ஜெயிக்கோணும்னு."

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

ஜெயித்த அந்தப் பெண்ணுக்கு என் மொட்டைத் தலைப் படத்தை அனுப்பப் போகிறேன். 'அக்கா, இந்த மொட்டை உங்களுக்காக' என்பதை அவள் மொழியில் எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அண்ணன் இல்லை என்பதை மட்டும் எழுத வேண்டாம். பாவம், இப்போதுதான் ஜெயித்திருக்கிறாள்.